சொல்லின் வேர்: இறுகும் கயிறும் தாங்கும் கயிறும்



ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளுக்காகவும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்காகவும் மாதம் ஒரு சொல்லை எடுத்து அதன் பொருளையும் வேரையும் ஆராய்ந்து வருகிறோம். இம்மாதம் நாம் எடுத்துக்கொள்வது ‘நூஸ்’ என்னும் சொல். பாடநூலிலும் நாளிதழிலும் அடிக்கடி கண்ணில் படும் சொல் இது. அகராதியைப் புரட்டினால் ‘சுருக்குக் கயிறு’ என்று ஒரே வரியில் பொருள் தந்து முடித்துவிடுவார்கள். ஆனால் இச்சொல்லைச் சற்று இழுத்துப் பார்த்தால், விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களின் அன்றாட வாழ்வு வரை அது நீண்டு வருகிறது.

பொருள் என்ன?

கயிற்றின் ஒரு முனையை வளைத்து, அதே கயிற்றின் மீது நகரும்படி ஒரு முடிச்சுப் போட்டால் உண்டாகும் வளையமே நூஸ். கயிற்றில் போடும் எல்லா வளையங்களையும் நூஸ் என்று சொல்லலாகாது. வெறும் வளையத்துக்கு ஆங்கிலத்தில் ‘லூப்’ என்று பெயர். நூஸ் என்பதற்குத் தனித்த அடையாளம் ஒன்று உண்டு. அதன் முடிச்சு ஓரிடத்தில் நிற்காமல் ஓடும். கயிற்றை இழுக்க இழுக்க வளையம் சிறுத்துக்கொண்டே வரும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுள்ளது. கண்ணியில் கழுத்தையோ காலையோ மாட்டிக்கொண்ட காட்டுக் கோழியை வேடன் வந்து இறுக்குவதில்லை. தப்பிக்க எண்ணி அந்தப் பறவை எத்தனை வேகமாக இழுக்கிறதோ அத்தனை வேகமாகக் கயிறு அதனைப் பற்றுகிறது. மாட்டிக்கொண்ட உயிரின் வலிமையே அதற்குப் பகையாக மாறிவிடுகிறது. இந்த ஓர் இயல்பை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு அதுவே திறவுகோல்.

வேர் எங்கே?

15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆங்கில எழுத்தில் இச்சொல் காணப்படுகிறது. இலத்தீன் மொழியில் முடிச்சைக் குறிக்கும் ‘நோடுஸ்’ என்னும் சொல்லே இதன் மூலம் என்றும், பிரெஞ்சு நாட்டுப் பழைய மொழிவழக்குகளின் வழியே அது ஆங்கிலத்தை அடைந்திருக்கலாம் என்றும் மொழிநூலார் கருதுகின்றனர். அதே ‘நோடுஸ்’ ஈன்ற இன்னொரு பிள்ளை ‘நோட்’ என்பது. தாவரவியல் பாடத்தில் கரும்பின் கணுவையும் மூங்கிலின் கணுவையும் நோட் என்றுதான் படிக்கிறோம். கணினிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் வலையிலும் ஒவ்வோர் இணைப்பிடமும் நோட் எனப்படுகிறது.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முடிச்சு என்று பொருள்படும் ‘நாட்’ என்னும் ஆங்கிலச் சொல் ஒலியாலும் பொருளாலும் நெருங்கி நிற்கிறதே, அதுவும் இவ்வினத்தைச் சேர்ந்ததா என்று தோன்றும். இல்லை. அது ஜெர்மானியக் கிளையில் பிறந்தது. ஒரே தெருவில் வசிப்போர் எல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆகிவிடுவதில்லை அல்லவா?

வியப்பான வேறோர் உறவும் உண்டு. சுருக்குக் கயிற்றுக்கு இலத்தீனில் ‘லாக்கியுஸ்’ என்றொரு பெயர் இருந்தது. அது ஸ்பானிய மொழிக்குச் சென்று, மாடு பிடிப்போர் தலைக்கு மேல் சுழற்றி வீசும் ‘லாசோ’ ஆயிற்று. பழைய பிரெஞ்சு மொழி வழியே ஆங்கிலத்துக்கு வந்து ‘லேஸ்’ ஆயிற்று. நம் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும்போது காலணியில் கட்டும் லேசும், பெண்கள் ஆடையின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் லேசும் பிறப்பால் ஒரு வேடனின் கண்ணியே! சொற்களும் மனிதர்களைப் போலத்தான். கொடிய குடும்பத்தில் பிறந்தும் நல்ல தொழிலில் அமர்ந்துவிடுகின்றன.

வழக்கு எப்படி?

நேர்ப்பொருளில் நூஸ் என்றால் விலங்கு பிடிக்கும் கண்ணி அல்லது தூக்குக் கயிறு. உவமைப் பொருளில் இதன் ஆட்சி மிகப் பெரிது. ஒருவர் தாமே சென்று ஆபத்தில் சிக்கினால், நூசுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார் என்பர். காவல்துறையினர் குற்றவாளியை நெருங்கினால் நூஸ் இறுகுகிறது என்பர். கடன் மிகுந்த குடும்பத்தைப் பற்றி எழுதுகையில் கடன் என்னும் நூஸ் அதன் கழுத்தில் விழுந்துவிட்டதாகச் சொல்வர். தமிழிலும் ‘கழுத்தை நெரிக்கும் கடன்’ என்று சொல்கிறோம். இரண்டு மொழியினரும் ஒரே காட்சியைத்தான் கண்டிருக்கிறார்கள்.

நேர்ப்பொருளிலான நூஸையும் நம் தென்பாண்டிச் சீமை நன்கறியும். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை நிர்வகித்த கான் சாகிப் என்னும் மருதநாயகம் யூசுப் கான், ஆங்கிலேயரையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து நின்று, உடனிருந்தவர்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் உள்ள கான் சாகிப் பள்ளிவாசல் இன்றும் அவர் நினைவைத் தாங்கி நிற்கிறது. அதன் பின் 35 ஆண்டுகள் கழித்து, 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். சாத்தூரைக் கடந்து கோவில்பட்டி வழியே நெல்லைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் கயத்தாற்றைத் தாண்டியே செல்ல வேண்டும். அந்நியனின் சுருக்குக் கயிறு விழுந்த கழுத்துகளில் முஸ்லிமின் கழுத்தும் இந்துவின் கழுத்தும் இருந்தன என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டும்.

தமிழில் எத்தனை வளையங்கள்!

ஆங்கிலத்துக்குச் சற்றும் குறையாத வளம் தமிழுக்கு உண்டு. ‘சுருங்கு’ என்பதிலிருந்து சுருக்கு. நம் வீட்டுப் பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையை நினைத்துப் பாருங்கள். வெற்றிலையும் சில்லறைக் காசும் சிதறாமல் காப்பதும் அதே ஓடும் முடிச்சுதான். பறவைக்குப் பகையானது பாட்டிக்குத் துணையாகிறது!

‘கண்ணி’ என்பது மற்றொரு சொல். பறவை பிடிக்கும் வளையமும் கண்ணி. பூக்களைத் தொடுத்த மாலையும் கண்ணி. இரண்டிரண்டு அடிகளாகத் தொடுத்துச் செல்லும் பாடல் வகையும் கண்ணி. தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு அவர்கள் பாடிய பராபரக் கண்ணியையும் றகுமான் கண்ணியையும் அறியாத தமிழ் முஸ்லிம் இல்லங்கள் முன்பு குறைவு. அங்கே கண்ணி என்பது இறையன்பில் மாட்டிக்கொள்ளும் வளையம்.

‘தளை’ என்பது இன்னொன்று. பனையேறும் தொழிலாளர் தம் காலில் மாட்டிக்கொள்ளும் நார் வளையத்துக்குத் தளை என்று பெயர். கைதியின் காலில் பூட்டும் விலங்கும் தளைதான். முன்னது மனிதனை மரத்தின் உச்சிக்கு உயர்த்துகிறது. பின்னது அவனை நிலத்தில் கிடத்துகிறது. ‘பாசம்’ என்னும் வடசொல்லுக்கு மூலப்பொருளே சுருக்குக் கயிறு என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். இன்றோ தாய்க்கும் பிள்ளைக்கும் இடையேயான அன்பைக் குறிக்க அதைக் காட்டிலும் நல்ல சொல் நம்மிடம் இல்லை.

ஆக, கயிற்றில் குற்றமில்லை, வளையத்திலும் குற்றமில்லை. முடிச்சு எப்படிப் போடப்பட்டுள்ளது, அதைப் போட்டவரின் நோக்கம் என்ன என்பதே கேள்வி. கடலோடிகள் ‘போலின்’ என்றொரு முடிச்சைப் போடுவார்கள். அதுவும் வளையமே. ஆனால் எவ்வளவு பாரத்தை ஏற்றினாலும் அந்த வளையம் சிறுக்காது. வேலை முடிந்ததும் எளிதாக அவிழ்த்துவிடலாம். நீரில் தத்தளிப்பவனுக்கு வீசப்படும் கயிற்றில் போட வேண்டியது போலின் முடிச்சு. அவன் இழுக்க இழுக்க அது தாங்கும். நூசோ இழுக்க இழுக்க நெரிக்கும்.

திருமறையின் கயிறுகள்

அரபு மொழியில் கயிற்றுக்கு ‘ஹப்ல்’ என்று பெயர். திருக்குர்ஆனில் இச்சொல் இரண்டு மாறுபட்ட இடங்களில் வருவதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆலு இம்ரான் அத்தியாயத்தில் (3:103), அல்லாஹ்வின் கயிற்றை அனைவரும் ஒன்றாகப் பற்றிக்கொள்ளுமாறும் பிரிந்துவிடாதிருக்குமாறும் இறைவன் கட்டளையிடுகிறான். மஸத் அத்தியாயத்தின் இறுதி வசனத்திலோ (111:5), அபூலஹபின் மனைவியின் கழுத்தில் கிடக்கும் முறுக்கேறிய நார்க் கயிறு பேசப்படுகிறது. ஒரு கயிறு கையால் பற்றுவதற்கு; மற்றொரு கயிறு கழுத்தில் விழுந்தது. எதைப் பற்ற மறுக்கிறோமோ அதற்கு மாற்றாக வேறொன்று நம் கழுத்தில் வந்து விழும் என்னும் எச்சரிக்கையை இவ்விரு இடங்களையும் சேர்த்துப் படிப்போர் உணர்வர்.

வளையத்துக்கென்றே அரபியில் அமைந்த அழகிய சொல் ‘உர்வா’. வாளியின் பிடியும் கூஜாவின் கைப்பிடியும் சட்டைப் பொத்தானை மாட்டும் வளையமும் உர்வாதான். அல்லாஹ்வை நம்பியோர் பற்றிக்கொண்டிருப்பதைக் குறிக்க ‘அல் உர்வத்துல் உஸ்கா’, அதாவது மிக உறுதியான பிடி, என்னும் தொடர் திருமறையில் இரண்டு இடங்களில் (2:256, 31:22) வருகிறது. முதல் இடத்தில் அந்தப் பிடி அறுந்துபோகாது என்னும் உறுதியும் சேர்த்தே தரப்படுகிறது. இதுவே தாங்கும் வளையம்.

இஸ்லாமிய வரலாற்றில் உர்வா என்று பெயர் தாங்கிய பேரறிஞர் ஒருவர் உண்டு. மதீனாவின் ஏழு பெரும் சட்டமேதைகளுள் ஒருவரான உர்வா இப்னு ஸுபைர் அவர்களே அவர். அவரை ஈன்ற அன்னை யார் தெரியுமா? அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளாரான அஸ்மா (ரலி) அவர்கள். ஹிஜ்ரத்தின்போது அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கும் தம் தந்தையாருக்கும் உணவு கட்டிக்கொடுக்க முற்பட்டபோது, பையின் வாயைக் கட்டக் கயிறு கிடைக்காமல், தம் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டிக்கொடுத்தார்கள் அவர்கள். அதனால் ‘இரு கச்சையுடையார்’ என்னும் சிறப்புப் பெயர் பெற்றார்கள். நெருக்கடி நேரத்தில் தன்னிடமுள்ளதைக் கிழித்து அடுத்தவருக்குக் கட்டிக்கொடுத்த தாயின் மகனுக்குப் பற்றிக்கொள்ளும் வளையம் என்று பெயர். எத்தனை பொருத்தம்!

இன்னும் ஒன்று. ஒட்டகத்தின் காலைக் கட்டும் கயிற்றுக்கு அரபியில் ‘இகால்’ என்று பெயர். அரபுநாட்டார் தலைத் துணியின் மீது அணியும் கருப்பு வளையத்துக்கும் அதே பெயர்தான். அறிவைக் குறிக்கும் ‘அக்ல்’ என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்தது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. அவிழ்ந்து ஓடாமல் மனத்தைக் கட்டி வைப்பதே அறிவு என்பது அந்த வேர்ச்சொல் தரும் பாடம். கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் முன்னர் நமக்குத் தேவைப்படுவதும் அந்தக் கயிறுதான்.

கந்தக பூமியின் சுருக்கு

இப்போது நம் ஊருக்கு வருவோம். தீக்குச்சியைக் குறிக்கும் ‘மாட்ச்’ என்னும் ஆங்கிலச் சொல் தொடக்கத்தில் குச்சியைக் குறிக்கவில்லை. விளக்குத் திரியைக் குறித்தது. பிறகு துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் நெருப்பு வைக்கப் பயன்பட்ட, வெடியுப்பில் ஊறவைத்த கயிற்றுக்கு அது பெயராயிற்று. கந்தக பூமியின் இரு பெரும் தொழில்களான தீப்பெட்டியும் பட்டாசும் அந்தத் திரிக்கு உறவுடையவை. 1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலுக்கு வித்திட்டனர். வானம் பொய்த்த கரிசல் பூமிக்கு அது சோறு போட்டது. அந்த நன்றியை மறத்தல் தகாது.

ஆனால் தொழிலோடு சேர்ந்து ஒரு கயிறும் நீண்டது. அதற்கு ‘முன்பணம்’ என்று பெயர். தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆபீசிலும் வேலை நிரந்தரமன்று. மழைக்காலத்தில் வெயில் இல்லாமல் சரக்கு உலராது. தீபாவளி முடிந்தால் சில காலம் கதவு அடைபடும். உலை மட்டும் எல்லா மாதமும் கொதிக்க வேண்டுமே! ஆகவே முன்பணம் வாங்கினார்கள். அந்தப் பணத்துக்கு ஈடாகத் தம் சின்னஞ்சிறு பிள்ளைகளைக் குச்சி அடுக்க அனுப்பிய பெற்றோர் அந்நாளில் ஏராளம். விடியற்காலையில் ஊர் ஊராக வரும் வண்டியில் தூக்கக் கலக்கத்தோடு ஏறிய பிள்ளைகளின் கழுத்தில் கண்ணுக்குத் தெரியாத சுருக்கு ஒன்று கிடந்தது. அதைப் போட்டது யாரோ, இழுபட்டது பிள்ளை.

சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயகரமான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி செலுத்த வேண்டும் என்றும், அது அக்குழந்தையின் நலநிதியாக அமைய வேண்டும் என்றும் ஆணையிட்டது. பள்ளிக் கல்வியும் சட்டமும் மக்களின் விழிப்பும் சேர்ந்து அந்தப் பழைய நிலையைப் பெரிதும் மாற்றியுள்ளன. அல்ஹம்துலில்லாஹ். எனினும் பெரியவர்களின் கழுத்திலிருந்து கயிறு முழுமையாக நீங்கவில்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் மாசைக் கருதிச் சரவெடிக்குத் தடை விதித்தது. மூச்சுக் காற்றைக் காப்பது நீதிமன்றத்தின் கடமை. அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் சரம் பின்னியே பிழைத்த கைகள் வேறு வேலை தேடி நின்றபோது, முதலில் கதவைத் தட்டி உள்ளே வந்தவர் வட்டிக்குக் கொடுப்பவரே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு தாய் மகளின் திருமணத்துக்காக ‘பத்து வட்டி’க்கு 10,000 ரூபாய் வாங்குகிறார் என்று கொள்வோம். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வீதம், மாதம் 1,000 ரூபாய் வட்டி. பத்து மாதம் தவறாமல் கட்டினால் 10,000 ரூபாய் கொடுத்து முடித்திருப்பார். கடன் எவ்வளவு குறைந்தது? ஒரு காசும் குறையவில்லை. முதல் அப்படியே 10,000 நிற்கிறது. பதினோராம் மாத வட்டிக்காக இன்னொருவரிடம் கை நீட்டுகிறார். முதல் சுருக்கிலிருந்து விடுபட இரண்டாம் சுருக்குக்குள் தலையை நுழைக்கிறார். அவர் சோம்பி இருந்தாரா? இல்லை. முன்னிலும் கடுமையாக உழைத்தார். கண்ணியில் சிக்கிய பறவையைப் போல, அவர் உழைப்பே கயிற்றை இறுக்கியது. வட்டி ஏன் நூஸ் எனப்படுகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அல்பகரா அத்தியாயத்தில் வட்டியைக் கடுமையாகத் தடைசெய்யும் வசனங்களைத் தொடர்ந்து, கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும் என்றும், விட்டுக்கொடுத்துத் தர்மமாக்கிவிடுவது இன்னும் சிறந்தது என்றும் இறைவன் கூறுகிறான் (2:280). ஓடும் முடிச்சை நிற்கும் முடிச்சாக மாற்றும் சட்டம் இது. வட்டியில்லாத அழகிய கடனும் கடன்தான். திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் கட்டக் கட்டக் குறையும் கடன் அது. வாங்கியவரின் உழைப்பு அவருக்கே துணை நிற்கும்.

கழுத்தை விடுவித்தல்

அரபியில் கழுத்துக்கு ‘ரகபா’ என்று பெயர். அடிமையை விடுதலை செய்வதைத் திருக்குர்ஆன் எச்சொல்லால் குறிக்கிறது தெரியுமா? ‘ஃபக்கு ரகபா’, அதாவது கழுத்தை அவிழ்த்துவிடுதல் (90:13). நன்மையின் செங்குத்தான மேட்டில் ஏறுவது என்றால் என்ன என்று கேட்டுவிட்டு, இறைவன் முதலாவதாகச் சொல்லும் செயல் அதுவே. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைக் கூறும் வசனத்திலும் (9:60) ‘ஃபிர் ரிகாப்’, அதாவது கழுத்துகளின் விடுதலைக்காக, என்னும் பிரிவு உள்ளது. அதற்கு அடுத்து உடனே வருவோர் யார்? கடன்பட்டோர்! அடிமையின் கழுத்தையும் கடனாளியையும் இறைவன் அடுத்தடுத்து வைத்திருக்கிறான். நாம் ஜகாத்தைக் கணக்கிட்டு ரமளானில் சில்லறையாகப் பகிர்ந்துவிட்டு, கடனில் நெரிபடும் அண்டை வீட்டாரை மறந்துவிடுகிறோம். எட்டு வகையினரில் அவரும் ஒருவர் என்பது ஏனோ நம் நினைவுக்கு வருவதில்லை.

பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்தில் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இறந்தவர் மீது மூன்று தீனார் கடன் இருந்தது. அதைத் தீர்க்க அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை. தொழுகையை நீங்களே நடத்திக்கொள்ளுங்கள் என்னும் கருத்தில் அண்ணலார் விலகி நின்றார்கள். அப்போது அபூ கதாதா (ரலி) அவர்கள் எழுந்து, அக்கடனுக்குத் தாம் பொறுப்பேற்பதாகச் சொன்னார்கள். அதன் பின்னரே அண்ணலார் தொழவைத்தார்கள். புகாரியில் காணும் இச்செய்தியைக் கடனின் கடுமைக்குச் சான்றாக நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். அபூ கதாதா எழுந்து நின்றாரே, அதை அத்தனை அடிக்கடி சொல்கிறோமா? ஒவ்வொரு மஹல்லாவிலும் அப்படி எழுந்து நிற்க ஒருவர் வேண்டாமா? இறந்த பின் எழுவதை விட, உயிரோடிருக்கும்போதே எழுவது மேலல்லவா?

ஆகவே நம் ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை சில உண்டு. பள்ளிவாசலோடு இணைந்த பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனுக்கெனத் தனி நிதி ஒதுக்கலாம். பெரும் தொகை வேண்டியதில்லை. ஐம்பது குடும்பங்கள் மாதம் 100 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 60,000 ரூபாய் சேரும். பிரசவச் செலவு, பள்ளிக் கட்டணம், வேலையில்லாத மழை மாதங்கள் ஆகியவற்றுக்காகக் கொடுத்து, தவணையாகத் திரும்பப் பெறலாம். கடன் கொடுக்கும்போது எழுத்தில் பதிவுசெய்யுமாறு திருமறையின் மிக நீண்ட வசனமே (2:282) கட்டளையிட்டிருப்பதால், எழுதி வைப்பதை யாரும் அவமதிப்பாகக் கருத வேண்டியதில்லை. அண்டை அயலில் உள்ள பிற சமயச் சகோதரர்களுக்கும் அந்நிதி பயன்படட்டும். பட்டாசு ஆபீசில் அருகருகே அமர்ந்து திரி திணித்தவர்களை மழைக்காலம் சமயம் பார்த்துப் பிரிப்பதில்லை.

குடும்பப் பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. எழுதாத புரோநோட்டிலும் வெற்றுக் காசோலையிலும் எந்நிலையிலும் கையொப்பமிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றை அச்சட்டம் பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் வழி செய்கிறது. மிரட்டலுக்கு அஞ்சி ஒடுங்கிப்போக வேண்டியதில்லை. காவல் நிலையத்திலும் மாவட்ட ஆட்சியரிடமும் முறையிடலாம்.

கடன் தொல்லையால் வாழ்வே வேண்டாம் என்று எண்ணும் நிலைக்கு யாரேனும் வந்திருந்தால், அவருக்கு ஒரு வார்த்தை. உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். அதைக் காட்டிலும் பெரிய கடன் எதுவும் இல்லை. உங்கள் சுமையை இமாமிடமோ, ஜமாஅத் பெரியவரிடமோ, நம்பிக்கைக்குரிய உறவினரிடமோ, மருத்துவரிடமோ இன்றே சொல்லுங்கள். தானாக இழுத்தால் இறுகும் கயிற்றை, இன்னொருவர் கை வந்து முடிச்சைத் தளர்த்தினால் எளிதில் கழற்றிவிடலாம். கேட்பவர்களே, நீங்களும் கடிந்துகொள்ளாதீர்கள். ஏன் வாங்கினாய் என்று விசாரிப்பதற்குப் பிறகு நேரம் இருக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பொன்மொழியில் இடம்பெறும் மற்றொரு கயிற்றையும் இங்கே நினைவுகூர்வோம். பிறரிடம் கையேந்துவதை விட, ஒருவர் தம் கயிற்றை எடுத்துச் சென்று விறகு கட்டி முதுகில் சுமந்து வந்து விற்றுப் பிழைப்பது சிறந்தது என அவர்கள் உழைப்பை உயர்த்திப் பேசினார்கள். விறகைக் கட்டுவதற்காக அந்த உழைப்பாளி எடுத்துச் செல்லும் கயிறு, வழியில் அவர் கழுத்தைச் சுற்றாமல் பார்த்துக்கொள்வது சமுதாயத்தின் பொறுப்பு.

மாணவர்களுக்குப் பயிற்சி

நூஸ், லூப், நாட், லேஸ், லாசோ ஆகிய ஐந்து சொற்களையும் தனித்தனியே ஆங்கில வாக்கியங்களில் அமைத்துப் பாருங்கள். இவற்றுள் இலத்தீன் வழிவந்தவை எவை, ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வீட்டில் உள்ள கயிற்று வளையங்களை எண்ணுங்கள். கிணற்று வாளி, தொட்டில், சுருக்குப் பை, காலணி, தேங்காய் தொங்கும் உறி. எது இறுகும், எது தாங்கும் என்று தம்பி தங்கைகளுக்குச் செய்து காட்டுங்கள். சொல்லைக் கையால் தொட்டு அறிந்தால் மறக்காது.

நம் கழுத்துகளை எல்லாத் தளைகளிலிருந்தும் விடுவித்து, அறுந்துபோகாத அந்தப் பிடியை நம் கைகளில் நிலைக்கச் செய்வானாக! பிறர் கழுத்தில் விழும் சுருக்கை அவிழ்க்கும் விரல்களாக நம் விரல்களை ஆக்குவானாக! ஆமீன்.

அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், வேறொரு சொல்லுடன் சந்திப்போம்.